இலைக் கணக்கும் பேக்ஸ் கணக்கும்

பல்லாவரம் முதல் வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. ரோட்டின் இருபுறமும், அதிலிருந்து பிரியும் சேலையூர், மேடவாக்கம், முடிச்சூர் சாலைகளிலும் கல்யாணத்தைத் தொழிலாக நடத்துபவர்களிடம் இன்று இரண்டு வகைச் சொற்கள் புழங்குகின்றன. மண்டப மேனேஜர், சமையல் மாஸ்டர், காண்ட்ராக்டர், பந்தல்காரர் ஆகியோர் பேசுவது ஒரு வகை: இலை, பந்தி, முகூர்த்தம், ஒன்றரை நாள், உக்கிராணம், மளிகை லிஸ்ட். ‘வெட்டிங் பிளானர்’ என்று பலகை மாட்டியவர்கள் பேசுவது இன்னொரு வகை: பேக்ஸ், வெண்டர், ரன் ஷீட், மூட் போர்டு, ஆர்.எஸ்.வி.பி., கோஆர்டினேஷன். இந்த இரண்டாவது வகை வந்த பிறகுதான் கல்யாண ஏற்பாடு ஒரு தொழிலானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதற்கு முன் நடந்ததெல்லாம் பெரியப்பாக்களின் ஓட்டமும் மாமாக்களின் சத்தமும்தான். கணக்கையும் நேரத்தையும் பொறுப்பையும் பிளானர்களின் சொற்களே கொண்டுவந்தன என்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தாலும் இது தவறு, மண்டபத்துக்குள் போய்ப் பார்த்தாலும் தவறு.

கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். குரோம்பேட்டையும் தாம்பரமும் சம்பளக்காரர்களின் ஊர்களாக வளர்ந்ததற்கு அந்த ரயில் ஒரு பெரிய காரணம். ஊரில் கல்யாணம் என்றால் சொந்தத் தென்னையில் தேங்காய் இருக்கும், வாசலில் பந்தல் போட இடம் இருக்கும், வேலைக்கு அக்கம்பக்கத்து ஆட்கள் இருப்பார்கள். அரைக் கிரவுண்டு வீட்டில் குடியிருக்கும் குமாஸ்தாவுக்கு இவை எதுவும் கிடையாது. இடம், பாத்திரம், ஆள், விறகு எல்லாவற்றையும் அவர் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மண்டபமும் காண்ட்ராக்டரும் தோன்றியது இந்தத் தேவையிலிருந்து. நங்கநல்லூரிலும் மேற்கு மாம்பலத்திலும் ‘ஏ டு இசட் காண்ட்ராக்ட்’ என்பது பிளானர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே பேச்சில் இருந்த சொல். எழுத்தாளர் சாவி ‘வாஷிங்டனில் திருமணம்’ தொடரை 1960-களில் ஆனந்த விகடனில் எழுதியபோது, சிரிப்பு முழுவதும் தளவாடத்தில்தான் இருந்தது: ஒரு தமிழ்க் கல்யாணத்துக்கு என்னென்ன வேண்டும், எத்தனை பேர் வேண்டும், அதையெல்லாம் கடல் கடந்து கொண்டுபோனால் என்ன ஆகும் என்பது. கல்யாணம் ஒரு பெரிய ஏற்பாட்டுத் தொழில் என்று முன்பே தெரிந்த வாசகர்களுக்குத்தான் அந்த நகைச்சுவை செல்லும்.

வரிச் சட்டம் இன்னும் கறாரான சாட்சி. மத்திய அரசு சேவை வரியின் கீழ் கல்யாணத் தொழிலை முதலில் பிடித்தது 1997 ஜூலையில். அப்போது அது எடுத்துக்கொண்ட பெயர் ‘மண்டப் கீப்பர்’, அதாவது மண்டபத்தை வாடகைக்கு விடுபவர். கட்டடத்தோடு மேஜை நாற்காலி, விளக்கு, தரைவிரிப்பு வரை அந்த வரையறையில் அடக்கினார்கள், ஜமக்காளம்கூடத் தப்பவில்லை. ‘ஈவென்ட் மேனேஜ்மென்ட்’ வரிப் பட்டியலுக்கு வந்தது ஐந்து ஆண்டுகள் கழித்து, 2002-இல். பந்தல், ஷாமியானா காண்ட்ராக்டர்கள் 2004-இல் வந்தார்கள். மண்டப வரியை எதிர்த்துத் தமிழ்நாடு கல்யாண மண்டபச் சங்கமே உச்ச நீதிமன்றம் வரை போனது. மண்டபத்தைக் கல்யாணத்துக்கு விடுவது வெறும் இட வாடகை இல்லை, அது ஒரு சேவை என்று 2004-இல் தீர்ப்பாகி, வரியும் நிலைத்தது. தொழிலே இல்லாத இடத்தில் சங்கமும் இருக்காது, வழக்கும் இருக்காது. (வரி பின்னர் ஜி.எஸ்.டி. ஆகி, ஜி.எஸ்.டி. ரோட்டு மண்டபங்களின் ரசீதில் சாலையின் பெயரும் வரியின் பெயரும் ஒன்றாக அச்சாவது வேறு கதை.)

தொழில் பழையதுதான், ஆனால் அதன் பேச்சு தோராயமானது என்று சிலர் அடுத்த நிலையில் வாதிடுவதுண்டு. இதற்குப் பதில் மண்டப புக்கிங்கிலேயே தொடங்குகிறது. ‘ஒன்றரை நாள்’ என்றால் முதல் நாள் பிற்பகல் சாவி கைக்கு வரும், மறுநாள் பிற்பகல் மூன்று மணிவாக்கில் காலி செய்ய வேண்டும் என்று இரு தரப்புக்கும் தெரியும். அதற்குள் முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம், பகல் சாப்பாடு என மூன்றும் அடங்கும். வெளிநாட்டு வார்ப்புருவை அப்படியே எடுத்துவரும் புதிய பிளானர் தடுமாறுவது இங்கேதான். அந்த வார்ப்புருவில் ரிசப்ஷன் தாலிக்குப் பின்னால் வரும். தாம்பரத்தில் அது பெரும்பாலும் தாலிக்கு முந்தைய மாலை. அலுவலகம் முடித்து மின்ரயிலில் இறங்கி வருபவர்களுக்காக அமைந்தது. ரிசப்ஷனும் ஆங்கிலச் சொல்தான். ஆனால் அது ஊரின் நேரத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட சொல். காண்ட்ராக்டர், டிபன், சீரியல் செட், ஜெனரேட்டர் எல்லாம் அப்படி வந்தவையே. ஆகவே சண்டை ஆங்கிலத்தோடு இல்லை.

விலையும் அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. முகூர்த்த நாளுக்கு ஒரு வாடகை, மற்ற நாளுக்கு வேறு. வளர்பிறை முகூர்த்தம், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால், கேட்க வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் பேரம் பேசலாம். தினசரிக் காலண்டரின் தாளைப் பார்த்தால் எவருக்கும் தெரிகிற இந்தக் கணக்கை ‘பீக் டேட்’, ‘ஆஃப்-பீக்’ என்று எழுதும்போது, எந்த நாள் ஏன் பீக் என்பது பிளானரின் வாயில் மட்டும் இருக்கிறது.

மின்சாரத்தையும் பார்க்கலாம். பழைய முறையில் சாவி கொடுக்கும்போதே மேனேஜர் வீட்டுக்காரர் ஒருவரை மீட்டர் பெட்டிக்கு அழைத்துப் போவார். அன்றைய ரீடிங்கை நோட்டில் எழுதி இருவரும் பார்த்துக்கொள்வார்கள். காலி செய்யும்போது மறுபடியும் எழுதி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். டீசல் தனி, கிளீனிங் தனி, காஸ் சிலிண்டர் தனி. கேட்கச் சிடுசிடுப்பாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் எதிரே ஒரு பொருள் நிற்கும். ‘ஆல் இன்க்ளூசிவ்’ என்ற ஒற்றைச் சொல் இந்த நோட்டை மூடிவிடுகிறது. எதெல்லாம் உள்ளே, எதெல்லாம் வெளியே என்பது கடைசி பில்லில், ‘மிஸலேனியஸ்’ என்ற வரிக்கு நேரே தெரியவரும்.

இத்தொழிலின் மைய அளவு இலை. பேக்ஸ் என்பது தலைக்கணக்கு: எத்தனை பேர் வருவார்கள் என்ற ஊகம். இலை என்பது நடந்து முடிந்த ஒரு சாப்பாடு. காலை டிபனும் பகல் சாப்பாடும் சாப்பிட்டவர் பேக்ஸில் ஒருவர், காண்ட்ராக்டரிடம் இரண்டு இலை. டிபன் இலைக்கு ஒரு ரேட், முகூர்த்தச் சாப்பாட்டு இலைக்கு ஒன்று, ரிசப்ஷன் இலைக்கு இன்னொன்று. வேலை நாளில் கல்யாணம் என்றால் டிபன் இலை ஏறும், பகல் இலை இறங்கும், ஏனென்றால் விருந்தினர்கள் இட்லியும் பொங்கலும் சாப்பிட்டு, அட்சதை போட்டுவிட்டு, ஒன்பதரை ரயிலைப் பிடிப்பார்கள். ஒற்றைத் தலைக்கணக்கு இதைக் காட்டாது.

எண்ணும் முறையும் கவனிக்கத் தக்கது. பந்தி எழுந்ததும், இலைகளைச் சுருட்டி எடுப்பதற்கு முன், காண்ட்ராக்டரின் ஆள் ஒருவரும் வீட்டுக்காரர் ஒருவரும் வரிசை வரிசையாக நடந்து மடித்த இலைகளை எண்ணுவார்கள். போட்டும் ஆள் உட்காராத இலை கணக்கில் வராது. தனியாக உட்கார்ந்த குழந்தைக்குப் போட்டது வரும், மடியில் வைத்து ஊட்டியது வராது. மேளக்காரர், டிரைவர், போட்டோகாரர் இலை யார் கணக்கு என்று முன்கூட்டியே பேசி வைப்பார்கள். இதே விஷயம் ‘வெண்டர் மீல்ஸ்’ என்ற பெயரில் இப்போது புதிய கண்டுபிடிப்பாக ஒப்பந்தங்களில் தலைகாட்டுகிறது. ‘கூட வந்தால் எத்தனை இலை தாங்கும்?’ என்பது மாஸ்டரிடம் கேட்கும் கட்டாயக் கேள்வி. சாம்பார் மூன்றாம் பந்தியில் தீர்ந்துபோனால் யார் பதில் சொல்வது என்பதை அந்தத் ‘தாங்கும்’தான் தீர்மானிக்கிறது. பல்லாவரத்து பிரியாணி மாஸ்டர் இலைக்குப் பதில் அரிசிக் கிலோவில் பேசுவார், தேக்சாவில் கணக்கிடுவார். அளவு வேறு, கறார் அதே கறார்.

எத்தனை பேர் வருவார்கள் என்ற ஊகத்துக்கும் பழைய தொழிலில் முறை உண்டு. மாஸ்டரின் முதல் கேள்வி ‘எத்தனை பேர்?’ என்பதாக இருக்காது. ‘பத்திரிகை எத்தனை அடிச்சீங்க?’ என்பதாக இருக்கும். பிறகு, கிழமை என்ன, ஆபீஸ் பத்திரிகை எத்தனை, தெருவுக்கு வைத்தது எத்தனை, ஊரிலிருந்து வேன் வருகிறதா என்று போகும். பதில்களைக் கேட்டு அவர் ஓர் எண்ணைச் சொல்வார். பிளானர் இதற்கு மாற்றாக வைப்பது ஆர்.எஸ்.வி.பி. பத்திரிகையே ‘சுற்றமும் நட்பும் சூழ’ வரச் சொல்லும் ஊரில், வருகிறீர்களா, எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்பது அழைப்பையே பாதி திரும்பப் பெறுவதுபோல ஆகிவிடுகிறது. பெரும்பாலோர் ‘கண்டிப்பா வர்றோம்’ என்பார்கள். அது வருவதற்கான உறுதி இல்லை, மரியாதை. இந்த ‘கண்டிப்பா’வை எண்ணாக எழுதிக்கொண்டு சமையலுக்குச் சொன்னால் அண்டா அண்டாவாக மிஞ்சும். வாட்ஸ்ஆப் பத்திரிகை வந்த பிறகு மாஸ்டரின் கணக்கும் ஆட்டம் கண்டிருக்கிறது என்பது உண்மைதான். அனுப்பிய எண்ணிக்கைக்கும் வரும் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பு தளர்ந்துவிட்டது. ஆனால் ஆர்.எஸ்.வி.பி. அந்தத் தளர்வைச் சரிசெய்துவிடவில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை ரன் ஷீட்டுக்கு ஆதரவாக நிறையச் சொல்லப்படுகிறது. நிமிடவாரியாக எழுதி எல்லோர் கையிலும் கொடுப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்கு முன் நேரக்கணக்கே இல்லை என்பது பந்தியைக் கவனிக்காதவர்களின் பேச்சு. சாப்பாட்டுக் கூடத்தில் 150 பேர் உட்காரலாம், ஒரு பந்திக்குச் சுத்தம் செய்வதோடு 40 நிமிடம் ஆகும் என்றால், 600 இலைக்கு நான்கு பந்தி, இரண்டு மணி நாற்பது நிமிடம். மூன்று மணிக்குக் காலி செய்ய வேண்டுமானால் முதல் பந்தி பதினொன்றரைக்குள் உட்கார்ந்தாக வேண்டும். முதல் பந்தி உட்கார வேண்டுமானால் தாலி கட்டி, ஆசீர்வாதம் முடிந்து, மொய் வரிசை கரைந்திருக்க வேண்டும். நாற்காலிக்குப் பின்னால் நின்று, உட்கார்ந்திருப்பவர் எப்போது மோர் சாதத்துக்கு வருவார் என்று பார்த்திருக்கும் அந்தச் சென்னைக் காட்சியைக் கேலி செய்பவர்கள் அதை ஒழுங்கின்மை என்பார்கள். பந்தி மேற்பார்வையாளருக்கோ அடுத்த பந்தி எத்தனை இலை என்று சொல்லும் அளவுகோல் அதுதான்.

ரன் ஷீட்டில் எல்லா வரிகளும் ஒரே கனத்தில் இருக்கும்: 6.45 கப்பிள் என்ட்ரி, 7.15 கேக், 7.30 டான்ஸ். பழைய சொற்களுக்கு அந்தச் சமத்துவம் இல்லை. முகூர்த்தம் நகராது. மற்ற எல்லாமே அதற்கு முன்னும் பின்னும் நெகிழும். 7.30 முதல் 9.00 வரை முகூர்த்தம் என்றால், பியூட்டிஷியனுக்கு எத்தனை நிமிடம் விடலாம் என்பதை அந்த ஒன்பது மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். மேடையில் தாலி எடுக்கும் கணத்தில் தவில்காரர் மணமக்களைப் பார்ப்பதில்லை. வாத்தியாரின் கையைப் பார்க்கிறார். அந்த விரல் அசைந்ததும் ஊதிக்கொண்டிருந்த ராகம் நின்று கெட்டிமேளம் இறங்கும். மைக்கில் ‘க்யூ, க்யூ’ என்று கத்த வேண்டியதில்லை.

இதெல்லாம் சடங்குக் கல்யாணத்துக்குச் சரி, சடங்கில்லாத நிகழ்ச்சிக்கு ‘ஷோ ஃப்ளோ’ தேவை என்று சொல்பவர்கள் சுயமரியாதைத் திருமண அழைப்பிதழ் ஒன்றை எடுத்துப் படிக்கலாம். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று யார் எப்போது எழுந்து எதற்காகப் பேச வேண்டும் என்பது அழைப்பிதழிலேயே அச்சாகியிருக்கும். புரோகிதர் இல்லாத கல்யாணத்துக்கு ஒரு முழு நிகழ்ச்சி நிரலையும், ‘வாழ்க்கைத்துணை ஒப்பந்தம்’ போன்ற சொற்களையும் அந்த இயக்கம் தானே உருவாக்கிக்கொண்டது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் கொண்டுவந்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து அத்தகைய திருமணங்களுக்குச் சட்டத் தகுதி தந்தது. கல்யாணத்தின் வடிவம் மாறினால் அதற்கான சொற்களை இங்கேயே ஆக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய நிரூபணம் வேண்டியதில்லை.

பொறுப்புக்கு வரலாம். பழைய பேச்சில் பதவிகள் ஆட்களின் பெயர்கள். உக்கிராணம் என்றால் மளிகையும் காய்கறியும் பூட்டி வைக்கும் அறை; அதன் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவர்தான் நெய் டின் எத்தனை வந்தது, எத்தனை போனது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். மாஸ்டர் சொல்லச் சொல்ல, பிள்ளையார் சுழி போட்டு மஞ்சளில் தொடங்கி எழுதிய மளிகை லிஸ்ட் அந்த அறைக்கான இருப்புப் பதிவேடு. ‘கோஆர்டினேஷன்’ என்பது ஆளைச் சுட்டாத சொல். அது ஒரு வேலையின் பெயர். தவறு நடந்தால் நான்கு பேர் அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். பூ தாமதமானால் வெண்டர் இஷ்யூ, சாப்பாடு தாமதமானால் வென்யூ இஷ்யூ. எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கத்தானே கட்டணம் வாங்கினீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது.

பெயர் மாற்றி விலை ஏற்றுவது இந்தச் சொற்களின் மற்றொரு வேலை. நலங்கு வீட்டுக் கூடத்தில் நடப்பது. மஞ்சள், சந்தனம், பாட்டுத் தெரிந்த அத்தை, இவ்வளவுதான் செலவு. ‘ஹல்தி’ ஆனதும் அதற்கு மஞ்சள் பின்திரை, சாமந்திச் சரம், மஞ்சள் உடைக் கட்டளை, தனி போட்டோகிராபர், தனி பில். இதில் வந்த சொல் ஆங்கிலம்கூட இல்லை. பாதி வழியில் வடக்கிலிருந்து ஏறியது. பிளானர்களைப் பற்றித் தமிழில் வந்த ‘ஆஹா கல்யாணம்’ படமே (2014) ‘பேண்ட் பாஜா பாராத்’ என்ற 2010-ஆம் ஆண்டு இந்திப் படத்தின் மறு ஆக்கம். பிளானர் என்றதும் மனதில் எழும் படம் டெல்லியிலிருந்து வந்திருப்பதில் வியப்பில்லை. ‘டெஸ்டினேஷன் வெட்டிங்’ கதையும் இதுதான். முகூர்த்த நாள் காலையில் திருநீர்மலைக்கோ குன்றத்தூர் முருகன் கோயிலுக்கோ போனால், எங்கிருந்தெல்லாமோ வேனில் வந்திறங்கிய கல்யாண கோஷ்டிகள் அடிவாரத்தில் மோதிக்கொள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டில் கடலைப் பார்த்து நடப்பதற்கு மட்டும் அந்தப் பெயர்.

பிளானர் தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை ஒதுக்க முடியாது. பழைய சொற்கள் துல்லியமானவைதான், ஆனால் அவை நடுநிலையானவை அல்ல. சீர், சம்பந்தி உபசாரம், மாப்பிள்ளை அழைப்பு ஆகிய சொற்களில் பெண் வீட்டார் கொடுப்பவர், மாப்பிள்ளை வீட்டார் பெறுபவர் என்ற வரிசை உள்ளேயே பொதிந்திருக்கிறது. உபசாரத்தில் குறை என்ற இரண்டே சொற்களுக்காகப் பெண்ணின் அப்பா பந்தி நடுவே கைகூப்பி நின்ற கல்யாணங்கள் எண்ணற்றவை. மாஸ்டரின் பேச்சுக்கு வெளியே, கணக்கில் வராத உழைப்பும் இருந்தது: விடியும் முன் எழுந்து கோலம் போட்டு, தட்டு அடுக்கி, ஆரத்தி கரைத்து, தாம்பூலப் பை நிரப்பிய பெண்களுக்கு இலைக் கணக்கில் இடமில்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு, இரு பக்க உறவும் வராமல் நிற்கும் ஜோடிக்கு முன்னால் நிற்க மாமாவும் கிடையாது, சாவி வைத்துக்கொள்ள அத்தையும் கிடையாது. அவர்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்காமல் எல்லாம் செய்து தரும் பிளானர் பெரிய துணை. ‘கிளையன்ட்’ என்ற வறட்டுச் சொல்லுக்கு ஆண் வீடு, பெண் வீடு தெரியாது என்பதே இங்கே ஒரு நன்மை.

இந்த நன்மை பிளானர் என்ற ஆளால் வருவது. பேக்ஸ், ரன் ஷீட் என்ற சொற்களால் வருவதில்லை. செலவைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் குடும்பங்களும் காண்ட்ராக்டரிடம் ‘இருநூறு இலை அவங்க, இருநூறு இலை நாங்க’ என்றே பேசுகின்றன. கணக்கு குலையவில்லை. மறுபக்கம், கிளையன்ட் என்று எழுதிய ஒப்பந்தத்தின் கீழே கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கியவர் பல வீடுகளில் இன்னும் பெண்ணின் அப்பாதான். சொல் நடுநிலையானதால் பாரம் நடுவுக்கு வந்துவிடவில்லை.

புதிய சொற்களில் சில தங்கள் இடத்தைச் சம்பாதித்திருக்கின்றன. ட்ரஸ், எல்.இ.டி. வால், கோல்ட் பைரோ, ட்ரோன் ஆகியவை புதிய பொருள்கள். பொருளோடு பெயரும் வரும். ‘லோட்-இன்’ நேரம், அதாவது இரும்புச் சட்டங்களை லாரியிலிருந்து இறக்கி மேடையில் ஏற்றத் தேவைப்படும் மணிக்கணக்கு, பூவும் வாழைமரமும் கட்டிய காலத்தில் பெரிதாகத் தேவைப்படாத ஒன்று. முதல் நாள் பிற்பகல் சாவி வாங்கி மாலை ஆறரைக்கு ரிசப்ஷன் என்ற பழைய ஏற்பாட்டை அது நெருக்குகிறது. சில மண்டபங்கள் ஒன்றரை நாளுக்கு முன்னால் அரை நாளைத் தனி விலைக்குத் தருவதற்கும் அதுவே காரணம்.

கல்யாணம் நடக்காமல் போனால் என்ன என்பதற்கான சொற்களும் அப்படியே. பழைய ரசீதில் இதற்கு இருந்தது ஒரே வரி: அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது. தள்ளிப்போவதைப் பேசுவதே அபசகுனம் என்ற எண்ணம் அந்த வரிக்கு மேல் யாரையும் யோசிக்க விடவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் நின்றபோது அது போதவில்லை. 2020-இல் ஊரடங்கு வந்து, கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று ஆனபோது சுத்தமாகப் போதவில்லை. தேதி மாற்றினால் அட்வான்ஸ் எத்தனை மாதம் செல்லும், அரசு தடை வந்தால் யாருக்கு எவ்வளவு திரும்பும், குறைந்தபட்ச இலை எண்ணிக்கை தானாகக் குறையுமா என்பவற்றை எழுதி வைக்கும் பழக்கம் அதற்குப் பிறகு பரவியது. அந்தப் பகுதிக்கு ‘போர்ஸ் மெஜூர்’ என்ற தலைப்பைப் பிளானர்கள் போடுகிறார்கள். தாம்பரம் பக்கத்து மண்டப ரசீதில் அதே ஏற்பாட்டை ‘இயற்கைச் சீற்றம், அரசு உத்தரவு காரணமாக’ என்று தொடங்கி எழுதினாலும், மீட்டர் ரீடிங்குக்கும் டீசலுக்கும் கீழே இன்னொரு வரியாக அது செல்லும்.